மலையில்லாத் தீவின் மலைகள்: படப்புத்தகமும் மன்னார்க் கரையின் ஆரம்ப வகுப்புச் சித்திரமும்

1. கேள்வி

ஆரம்ப வகுப்பில் இயற்கைக் காட்சி ஒன்று கீறச் சொன்னால் பெரும்பாலான கொப்பிகளில் ஒரே படம்தான் வரும். இரண்டு முக்கோண மலைகள், அவற்றின் இடுக்கில் பாதிச் சூரியன், வளைந்தோடும் ஆறு, ஆற்றங்கரையில் ஓட்டு வீடு, வானத்தில் கோடிழுத்த இரண்டு மூன்று பறவைகள். தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் ஊரெல்லாம் அறிந்த படம் இது. மன்னார்த் தீவில் மட்டும் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இத்தீவில் மலை இல்லை; ஆறும் இல்லை. தலைமன்னார் இறங்குதுறையில் நிற்கும் பிள்ளை, இராமர் அணைத் திட்டுகளின் பக்கமாகச் சூரியன் கடலில் இறங்குவதை நாளாந்தம் காண்கிறது. கொப்பியில் கீறும்போது அதே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது.

கண் ஒன்றைக் காண, கை வேறொன்றைக் கீறுகிறது. இந்த இடைவெளியைக் குறைக்கப் படப்புத்தகம் உதவுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படப்புத்தகத்தைக் காட்டி அதிலிருந்து சித்திரம், ஒட்டுச்சித்திரம், அச்சுப்பதித்தல் போன்ற செயற்பாடுகளைச் செய்விப்பது இன்று உலகெங்கும் பரவிய முறை. ஆனால் அதிலும் ஓர் ஆபத்து உண்டு. பழைய மலைகளின் இடத்தில் புதிய மலைகள் வந்து நிற்கக்கூடும். புத்தகம் ஒன்றில் வரும் ஒரு கம்பளிப்பூச்சியை முப்பது பிள்ளைகளும் முப்பது தாள்களில் ஒரே மாதிரி ஒட்டினால், மாற்றமாக எதைச் சொல்ல முடியும்?

2. படப்புத்தகத்தைப் பற்றிய புரிதல்

படம் போட்ட புத்தகமெல்லாம் படப்புத்தகம் ஆகாது. பாடநூலின் படம், எழுத்து சொன்னதையே திரும்பச் சொல்லும். 'மாடு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு மாடு நிற்கும். இந்த மரபின் மூத்த நூல்களில் ஒன்று, செக் நாட்டுக் கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் நியூரம்பேர்க்கில் வெளியிட்ட 'ஓர்பிஸ் பிக்டஸ்'. பொருள்களைப் படத்தில் காட்டிப் பெயர் கற்பிக்கும் நூல் அது. பொருளுக்குப் படம், படத்துக்குப் பெயர் என்ற அந்த முறை நம் முதலாந்தரப் பாடநூல் வரை தொடர்கிறது. அதன் பயனை மறுக்கத் தேவையில்லை. அதன் எல்லையை மட்டும் அறிய வேண்டும்.

படப்புத்தகத்தில் சொல்லும் படமும் கதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சொல் விட்ட இடத்தைப் படம் நிரப்பும். சில இடங்களில் சொல்லுக்கு மாறாகவும் பேசும். கனடிய ஆய்வாளர் பெரி நோடல்மன் 1988இல் வெளியிட்ட நூலில் இந்த உறவை விரிவாக ஆராய்ந்தார். ஈவ்லின் அரிஸ்பே, மொராக் ஸ்டைல்ஸ் ஆகிய இருவரும் இங்கிலாந்துப் பாடசாலைகளில் ஆய்ந்து 2003இல் எழுதிய நூல் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அந்தோனி பிரவுன் போன்றோரின் படப்புத்தகங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்து, பேசி, அவர்களைக் கீறவும் வைத்தார்கள். எழுத்து வாசிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளும், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட பிள்ளைகளும் படத்தை ஆழமாக வாசித்தார்கள் என்பது அவர்கள் கண்டதில் முக்கியமானது. சொல்லாகச் சொல்ல வராத சில விளக்கங்கள் பிள்ளைகளின் படங்களில் வெளிப்பட்டன. ஆகவே படப்புத்தகத்துக்குப் பின் வரும் சித்திரத்தைப் பொழுதுபோக்காக ஒதுக்கிவிட முடியாது. அது வாசிப்பின் தொடர்ச்சி.

3. பார்த்துக் கீறுதல் பிழையா?

பிள்ளையின் சித்திரம் பற்றி இரண்டு எதிர்நிலைகள் உண்டு. 1897இல் வியன்னாவில் பிள்ளைகளுக்கென வகுப்புத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக், பிள்ளை தன் உள்ளத்திலிருந்தே கீற வேண்டும், பெரியவர் கை வைக்கலாகாது என்றார். வியன்னாவில் கற்று அமெரிக்காவுக்குப் பெயர்ந்த விக்டர் லோவன்பெல்ட், 1947இல் வெளியான தன் நூலில் இதற்கு வளர்ச்சிப் படிநிலைகளைக் கொண்ட ஒரு கோட்பாட்டை அமைத்தார். வர்ணம் தீட்டும் புத்தகங்களை அவர் கடுமையாக எதிர்த்தார். அச்சிட்ட கோட்டுக்குள் நிறம் நிரப்பிப் பழகிய பிள்ளை, தன் கோட்டில் நம்பிக்கை இழந்துவிடும் என்பது அவருடைய கவலை.

மறுபக்கத்தில் பிரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன் இணையர் 1977இல் எழுதிய கட்டுரை நிற்கிறது. பிள்ளைகள் கீறும் உருவங்களின் மூலத்தைத் தேடிச் சென்ற அவர்கள், ஏறக்குறைய ஒவ்வோர் உருவத்துக்கும் முன்னோடியான இன்னொரு படம் இருப்பதைக் கண்டார்கள். சித்திரக்கதை, தொலைக்காட்சி, அண்ணனின் கொப்பி, பக்கத்து வாங்குத் தோழி என்று அந்த மூலங்கள் விரிந்தன. மொழியைக் கேட்டுப் பேசக் கற்பது போலவே படத்தையும் பார்த்துத்தான் பிள்ளை கற்கிறது என்பது அவர்கள் முடிவு.

மலையில்லாத் தீவில் மலை முளைத்த விதம் வில்சன் இணையரின் வாதத்துக்கு நல்ல சான்று. இந்த மலைகள் பிள்ளையின் கண்ணிலிருந்து வந்தவையல்ல. மற்றொரு படத்திலிருந்து வந்தவை. அப்படியானால் பார்த்துக் கீறுவதைத் தடுப்பதால் பயனில்லை. ஒரே ஒரு படத்தை மட்டும் பார்க்கக் கிடைத்ததுதான் அந்தப் பிள்ளையின் குறை. நூறு படங்களைப் பார்த்த பிள்ளைக்கு மலை ஒரு தெரிவாகிவிடும், கட்டாயமாக இராது. லோவன்பெல்டின் எச்சரிக்கையை இங்கே விட்டுவிடவும் கூடாது. பார்ப்பதற்கு நூறு படங்கள் இருக்கலாம். நிரப்புவதற்கு ஓர் அச்சுக்கோடும் வேண்டாம்.

வடபகுதிச் சித்திரக் கல்வியின் வரலாறும் இதையே நினைவூட்டுகிறது. 1920இல் இலங்கையின் பிரதம சித்திரப் பரிசோதகராக வந்த சார்ள்ஸ் பிறீகுறோவ் வின்சரின் பெயரால், 1938இல் யாழ்ப்பாணத்தில் சித்திர வித்தியாதிகாரி எஸ்.ஆர். கனகசபை 'வின்சர் ஆர்ட் கிளப்'பைத் தொடக்கினார். ஆசிரியர்களே கூடிக் கீறி, ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துப் பேசிய கூட்டம் அது. ஆசிரியருக்கும் பார்க்கப் படங்கள் வேண்டும் என்பதை அக்கழகம் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தது.

4. வகுப்பறைக்குள் இருக்கும் இடம்

இலங்கையின் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று பாடப்பரப்பு வகுக்கப்பட்டது. கற்பிக்கும் முறை விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என மூன்றானது. முதல் இரண்டு தரங்களில் விளையாட்டுக்கே முதலிடம். மூன்றாம் நான்காம் தரங்களில் மூன்றும் சமம். ஐந்தாந்தரத்தில் எழுத்து வேலை முன்னுக்கு வரும். தாளில் பார்த்தால் படப்புத்தகச் சித்திரத்துக்கு இதைவிட வாய்ப்பான கலைத்திட்டம் அமைவது கடினம். ஒரு கதையை வாசிப்பது தாய்மொழி; அதில் வரும் மீனை, மரத்தை, காற்றைத் தேடிப் போவது சுற்றாடல்; கீறுவது அழகியல். மூன்றும் ஒரே காலை நேரத்தில் கூடலாம்.

நடைமுறையில் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் கீழ் வகுப்புகள் வரை விழுகிறது. பயிற்சி வினாத்தாள் பெருகப் பெருக, சித்திரம் வெள்ளிக்கிழமையின் கடைசிப் பாடவேளைக்கு ஒதுங்கிவிடுகிறது. படத்தை வாசித்துப் பேசும் பிள்ளையின் சொல்வளமும் அவதானிப்பும் பரீட்சைக்கும் உதவும் என்று வாதிடலாம், அது உண்மையும்கூட. எனினும் அந்த வாதத்தில் மட்டும் சித்திரத்தைத் தாங்கி நிறுத்துவது சரியாகாது. ஏழு வயதில் தன் கண்ணை நம்பக் கற்பது, புள்ளி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஒரு பிள்ளைக்கு உரித்தானது.

5. மூன்று புத்தகங்கள், ஒரு கரை

அ. மீன் கூட்டமும் கரைவலையும்

லியோ லியோனியின் 'ஸ்விம்மி' 1963இல் வெளியானது. சிவப்புக் குஞ்சு மீன்களைப் பெரிய சூரை விழுங்க, தனித்துத் தப்பிய ஒரு கறுப்பு மீன் கடலெல்லாம் சுற்றி, வேறொரு சிவப்புக் கூட்டத்தைக் காண்கிறது. எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய மீன் வடிவில் நீந்தப் பழகுகிறார்கள்; கறுப்பு மீன் அதன் கண்ணாகிறது. லியோனி ஒரு சிறு மீன் அச்சைத் திரும்பத் திரும்பப் பதித்துக் கூட்டத்தை ஆக்கியிருந்தார். கதை சொல்லும் கருத்தை அதன் தொழில்நுட்பமே சொல்கிறது.

தீவின் மீனவ ஊர்களான பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ இதைச் செய்ய விலைகொடுத்து வாங்கும் பொருள் அதிகம் தேவையில்லை. பனைமட்டைத் துண்டு, கிழங்கு, பெருவிரல் எதுவும் அச்சாகும். உண்மை மீனையே அச்சாக்கலாம். யப்பானிய மீனவர் 19ஆம் நூற்றாண்டில் தாம் பிடித்த மீனின் அளவைப் பதிவு செய்ய, மீனில் மை தடவித் தாளை அழுத்தி எடுத்தார்கள். விலைபோகாத ஒரு காரல் போதும். செதில், செட்டை, வால் எல்லாம் தாளில் இறங்கும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு மீன் பதித்து, வெட்டி, அதற்கு வீட்டில் வழங்கும் பெயரை எழுதட்டும்: சூடை, காரல், ஒட்டி, பாரை, அறக்குளா, திருக்கை. பிறகு தரையில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய மீனாக்கலாம்.

இவ்வளவோடு நின்றால் அது புத்தகத்தின் நகல்தான். மன்னார்க் கரையில் இக்கதைக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. புத்தகம் மீனின் பக்கம் நின்று பார்க்கிறது. வகுப்பிலிருக்கும் பல பிள்ளைகளின் தகப்பன்மார் வலையின் பக்கம் நிற்கிறார்கள். கரைவலையில் பலர் கூடி ஒரே இழுவையில் கயிறு இழுப்பதும் கூட்டாகச் செய்யும் வேலைதான். அதன் மறுமுனையில் இருப்பது அந்த மீன் கூட்டம். ஆகவே இரண்டாவது படமும் வேண்டும். வலைக்குள்ளிருந்து பார்த்தால் கரை எப்படித் தெரியும்? கரையிலிருந்து பார்த்தால் வலை எப்படித் தெரியும்? ஒரே நிகழ்வை இரண்டு கண்களால் கீறும் பிள்ளை, பார்க்கும் இடம் மாறினால் படம் மாறும் என்ற சித்திரத்தின் அடிப்படையைக் கற்றுவிடுகிறது. சரி பிழை சொல்லாமல் அந்த இரண்டு படங்களையும் அருகருகே தொங்கவிடுவதே ஆசிரியரின் வேலை.

ஆ. இரவு மரமும் பெருக்க மரமும்

சென்னையின் தாரா புக்ஸ் 2006இல் வெளியிட்ட 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்', மத்தியப் பிரதேசக் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி மூவரின் மரங்களைக் கொண்டது. கையால் செய்த கறுப்புத் தாளில் திரை அச்சாகப் பதிக்கப்பட்ட அந்நூல் 2008இல் பொலோனியா நூற்கண்காட்சியின் விருதைப் பெற்றது. கோண்டு ஓவியர் ஒவ்வொருவரும் உருவத்தின் உட்பகுதியை நிரப்பத் தமக்கென ஒரு கோட்டுக்கோலம் வைத்திருப்பார். கோலத்தைப் பார்த்தே கீறியவரைச் சொல்லிவிடலாம்.

மன்னாரில் பள்ளிமுனைப் பெருக்க மரம் இருக்கிறது. அரபு வணிகர்களோடு ஆபிரிக்காவிலிருந்து வந்ததாக நம்பப்படும் மரம். அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 19.5 மீற்றர்; உயரமோ ஏறத்தாழ 7.5 மீற்றர்தான். தன் உயரத்தைவிட இரண்டரை மடங்கு சுற்றளவு கொண்ட மரத்தை, நேர்க்கோட்டுத் தண்டும் உருண்டைத் தலையும் வைத்துக் கீற முடியாது. கொப்பியில் மனப்பாடமாய் நிற்கும் மரம் இங்கே தானாக உடைந்துவிடும். பிள்ளைகள் கைகோத்துச் சுற்றி நின்று அளக்கட்டும். தாளை மரப்பட்டையில் வைத்து மெழுகு வர்ணக்கட்டியைப் படுக்கப் பிடித்து உரசினால் பட்டையின் மடிப்பும் வடுவும் தாளில் ஏறும்.

வகுப்புக்குத் திரும்பியதும், கரியால் கறுப்பாக்கிய தாளில் வெண்கட்டியால் அந்த மரத்தின் இரவைக் கீறலாம். கோண்டுக் கோலத்தைக் கடன் வாங்கத் தேவையில்லை. கோண்டு ஓவியரிடமிருந்து எடுக்க வேண்டியது தனக்கென ஒரு கோலம் வைத்திருக்கும் பழக்கம். வலைக்கண், பனையோலைப் பெட்டியின் பின்னல், மீன் செதில், காற்று மணலில் இட்ட வரி என்று இக்கரையில் கோலங்களுக்குப் பஞ்சமில்லை. ஓலை பின்னும் அம்மம்மாவை வகுப்புக்கு அழைத்தால், அன்றைய சித்திர ஆசிரியர் அவர்தான். சில குடும்பங்கள் சமய நோக்கில் மனித உருவம் கீறத் தயங்கினால், கோலத்தை மையமாகக் கொண்ட இந்தச் செயற்பாடு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார்த்தும்.

இ. திருட்டுப்போன குடையும் பல முடிவுகளும்

இலங்கையின் சொந்தப் படப்புத்தக மரபில் முதலில் நினைக்க வேண்டியவர் சிபில் வெத்தசிங்க. 1956இல் அவர் சிங்களத்தில் படைத்த 'குட ஹொரா' பல மொழிகளுக்குச் சென்றது. குடையே காணாத ஊருக்கு ஒருவர் பட்டணத்திலிருந்து குடை வாங்கி வருகிறார். ஒவ்வொரு முறையும் குடை காணாமற் போகிறது. திருடனைத் தேடிப் போனால் அது ஒரு குரங்கு. இந்தக் கதையை மன்னாருக்குக் கொண்டுவரும்போது முதலில் கேட்க வேண்டியது: இங்கே குடையைத் திருடுவது யார்? மன்னார் நகர வீதிகளில் திரியும் கழுதையா? காகமா? சோளகக் காற்றே திருடனாகலாம். காற்றை எப்படிக் கீறுவது என்பது எந்த ஓவியருக்கும் கடினமான கேள்வி. வளைந்த பனையோலை, பறக்கும் சேலைத் தலைப்பு, சுழலும் காற்றாலை என்று பிள்ளை வழி கண்டுபிடிக்கும். 2020இல் மன்னாரின் தென்கரையில் 'தம்பபவனி' திட்டத்தின் 30 காற்றாலைகள் எழுந்தன. அவை பற்றிய விவாதம் பெரியவர்களிடையே தொடரட்டும். பிள்ளையின் கண்முன் நிற்பவை படத்திலும் நிற்க வேண்டும்.

வெத்தசிங்கவின் கடைசிக் காலப் பணி ஒன்றும் இங்கே வழிகாட்டுகிறது. கதையின் முடிவைப் பிள்ளைகளிடமே விட்ட அவருடைய நூல், 1,250 மாற்று முடிவுகளோடு 2020இல் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. அவர் மறைந்ததும் அதே ஆண்டுதான். புத்தகம் முடியும் இடத்தில் பிள்ளையின் தாள் தொடங்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை. அந்த முடிவு தாளோடு நிற்க வேண்டியதில்லை. பேசாலை, ஆளுயர உருவங்களை அசைத்துத் திருப்பாடுகளின் கதை காட்டும் 'உடக்குப் பாஸ்' மரபால் அறியப்பட்ட ஊர். உருவத்தால் கதை சொல்வது இக்கரைக்குப் புதிதல்ல. பிள்ளைகள் தம் முடிவைக் குச்சிப் பாவையாக்கி ஆடிக் காட்டினால், அந்த மரபோடும் சேர்ந்துவிடுகிறார்கள்.

6. நினைவைத் தொடும்போது

இக்கரையில் சித்திரம் பற்றிப் பேசுபவர் இடப்பெயர்வைத் தாண்டிப் போக முடியாது. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டி உள்ளிட்ட மன்னார் ஊர்களின் மக்களும் அவர்களுள் அடங்குவர். போரில் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதம் 2015இல்தான் மீண்டும் இறங்குதுறையை எட்டியது. இன்று ஆரம்ப வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் போரைக் கண்டவர்களல்லர். ஆனால் அந்தக் கதைகள் புழங்கும் வீடுகளில் வளர்கிறார்கள்.

நீனா சப்னானியின் 'முகந்த் அண்ட் ரியாஸ்', 1947 பிரிவினையில் பிரிந்த இரண்டு நண்பர்களைப் பற்றியது; சென்னையின் தூலிகா வெளியிட்டது. துணி ஒட்டுவேலையின் அழகில் அமைந்த அதன் படங்கள், வகுப்பில் பழந்துணித் துண்டுகளால் ஒட்டுச்சித்திரம் செய்யத் தூண்டும். இங்கே ஒரு கட்டுப்பாடு அவசியம். "உன் வீட்டில் நடந்ததைக் கீறு" என்று பிள்ளையிடம் கேட்கலாகாது. புத்தகத்தின் நண்பர்களைப் பற்றிப் பேசலாம். ஒரு தொப்பி, ஒரு துணி, விட்டுப்போன ஒரு பொருள் பற்றிக் கீறலாம். எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கும். 1996இல் மட்டக்களப்பில் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ் முஸ்லிம் பிள்ளைகளைக் கதை, சித்திரம், மண்வேலை, விளையாட்டு ஆகியவற்றில் ஒன்றுசேர்த்தது. பிள்ளையைப் பேச வைப்பதைவிடப் பிள்ளைக்குப் பாதுகாப்பான ஓரிடம் அமைப்பது முதன்மையானது என்பதே அந்த முயற்சி தரும் பாடம். படப்புத்தகமும் அத்தகைய ஓரிடமாகலாம். கதை வேறொருவருடையது என்பதால் பிள்ளை அதற்குள் பயமின்றி நுழைகிறது.

7. மறுப்புகள்

முதல் மறுப்பு புத்தகமே இல்லை என்பது. அது நியாயமானது. எனினும் 2005 முதல் இலங்கையில் இயங்கும் ரூம் டு ரீட் நிறுவனம் தமிழிலும் சிங்களத்திலும் படக்கதைகளை வெளியிட்டு வருகிறது. இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, இறக்கி அச்சிடலாம். முப்பது பிள்ளைகளுக்கு முப்பது பிரதி வேண்டியதில்லை. ஒரு பிரதியைச் சுற்றி நெருங்கி உட்கார்வதே படப்புத்தகத்துக்கு ஏற்ற வாசிப்பு.

இரண்டாவது, தாளும் வர்ணமும் விலை. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போனதை மறக்கவில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளை ஒரு காலத்தில் எழுத்தைக் கற்றது மணலில்தான். ஈர மணலில் பெரிய கோடு கீறப் பழகிய கைக்குத் தாளில் பயம் இராது. கரையில் ஒதுங்கிய வெறுஞ்சிப்பி, அறுந்த வலைத்துண்டு, ஓலை, கிடுகு எல்லாம் ஒட்டுச்சித்திரத்துக்கு ஆகும். உயிருள்ள சிப்பியையும் பறவை முட்டையையும் தொடாமல் சேகரிப்பதையும் அதே பாடத்தில் கற்பிக்கலாம். வங்காலைச் சரணாலயத்துக்கு வரும் பூநாரைகளின் அயலில் வாழும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் இன்றியமையாதது.

மூன்றாவதுதான் கடினமானது. வெளியூர்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து உள்ளூர்ப் பிள்ளையின் கண்ணைத் திறப்பது முரண் ஆகாதா? மேலே சொன்ன மூன்று செயற்பாடுகளும் இதற்கு ஒரே விடையைத் தருகின்றன. லியோனியிடமிருந்து பார்க்கும் இடத்தை மாற்றுவதையும், கோண்டு ஓவியரிடமிருந்து சொந்தக் கோலத்தையும், வெத்தசிங்கவிடமிருந்து திறந்த முடிவையும் எடுத்தோம். உருவத்தை எடுக்கவில்லை. ஒரு செயற்பாடு வெற்றியா தோல்வியா என்பதைச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். சுவரில் தொங்கும் எல்லாப் படங்களும் ஒரே மாதிரி இருந்தால் அங்கே கீறியவர் ஆசிரியர் ஒருவரே.

8. முடிவு

படப்புத்தகம் பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குறைக்கும். அதைக் கீறும் மாதிரியாகக் கொள்ளாமல், காணும் முறையாகக் கொண்டால். அதற்கு அடுத்த படி, பிள்ளைகளின் படங்களையே புத்தகமாகக் கட்டுவது. ஓர் அரைத்தாளை எட்டுப் பக்கமாக மடிக்கலாம். ஏட்டுச்சுவடி போல நீள அட்டைகளைத் துளையிட்டு நூலில் கோக்கலாம். கதைப்பொருளாக மன்னார்க் கரை அமைந்த படப்புத்தகம் நம் நூலக அடுக்கில் அரிது. அதைச் செய்யத் தொடங்குவோர் இந்த வகுப்பறைகளில் இருக்கிறார்கள். இவ்வாண்டு மூன்றாந்தரம் கட்டிய புத்தகம் அடுத்த ஆண்டு முதலாந்தரத்தின் வாசிப்பு மூலைக்குப் போகட்டும்.

அப்போது 'இயற்கைக் காட்சி' என்றதும் பிள்ளை எதைக் கீறும்? மலை கீறினாலும் கீறட்டும். ஆனால் இத்தீவு சித்திரக்காரருக்கு வைக்கும் சவால் வேறு. தாளின் குறுக்கே ஒரு நேர்க்கோடு: கடலும் வானும் தொடும் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே எது எழ வேண்டும்? பனையா, தலைமன்னார் வெளிச்சவீடா, திருக்கேதீச்சரக் கோபுரமா, காற்றாலையா, கரைக்குத் திரும்பும் வள்ளமா? பென்சிலைத் தாளில் வைக்குமுன் அந்தப் பிள்ளை ஒரு கணம் நிறுத்தி யன்னல் வழியே வெளியே பார்த்தால், படப்புத்தகம் தன் வேலையைச் செய்துவிட்டது.